மூச்சு இளைப்பவர் நடக்கலாமா?



சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரத்திலிருந்து ஒரு சகோதரி சென்ற மாதம் நான்கு பக்கங்களில் கடிதம் எழுதியிருந்தார். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அவ்வாறே செய்கிறோம். அவருடைய அத்தா இளமையில் குழித்தறியிலும் பின்னர் விசைத்தறியிலுமாக நாற்பது ஆண்டுகள் உழைத்தவர். பீடிப் பழக்கமும் இருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன்புதான் விட்டார். இப்போது நுரையீரலில் நாட்பட்ட அடைப்பு இருப்பதாக மருத்துவர் கூறியிருக்கிறார். மருந்து உறிஞ்சும் இன்ஹேலரும் கொடுத்திருக்கிறார்.

பள்ளிவாசல் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருக்கிறது. வழியில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கி, எப்படியோ போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார். ஒரு முறை மழைக்காலத்தில் நோய் முற்றி மருத்துவமனையில் ஐந்து நாள் கிடந்து திரும்பிய பிறகு, வீட்டார் அவரைத் திண்ணையை விட்டு இறங்கவிடுவதில்லை. ஒளூச் செய்யத் தண்ணீர் திண்ணைக்கே வந்துவிடுகிறது. ஒருநாள் அஸர் பாங்கு கேட்டதும் செருப்பைத் தேடி எழுந்தார். சகோதரியின் அண்ணன் அந்தச் செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அன்று இரவு அத்தா சாப்பிடவில்லை.

“அண்ணன் அன்பினால்தான் செய்தார். ஆனால் அத்தாவின் கால்கள் நாளுக்கு நாள் குச்சியாகி வருகின்றன. முன்பு மூன்று தெரு நடந்தவர், இப்போது கொல்லைக்குப் போய்வந்தாலே இளைக்கிறார். அண்ணன் செய்தது சரியா?” என்று கேட்கிறார் சகோதரி.

இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அன்று. நம்மில் எத்தனையோ வீடுகளின் திண்ணையில் இந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது. எனவே இம்மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறோம்.

நோய் என்பது என்ன?

மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக சி.ஓ.பி.டி. என்பார்கள். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்பது அதன் பொருள். மூச்சுக்குழல்கள் வீங்கிச் சுருங்கிவிடுகின்றன. காற்று நுண்ணறைகளின் சுவர்கள் சிதைகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 35 இலட்சம் பேர் இந்நோயால் இறந்தனர். நம் நாட்டில் 1990இல் 2 கோடியே 81 இலட்சமாக இருந்த நோயாளிகளின் எண்ணிக்கை, 2016இல் 5 கோடியே 53 இலட்சமாக உயர்ந்துவிட்டது.

பீடி, சிகரெட் மட்டுமே இதற்குக் காரணம் என்று எண்ணிவிடலாகாது. புகையே பிடிக்காத நம் தாய்மார்களுக்கும் இது வருகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில், புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்து 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், நூற்றுக்கு இருவருக்கு மேல் இந்நோய் இருப்பது தெரியவந்தது. நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் நின்று சமைத்தவர்களிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. பஞ்சுத் தூசியும் நுரையீரலைக் கெடுக்கும். பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கு வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும் ‘பிஸினோஸிஸ்’ என்ற நோயைத் தொழில் நோயாகவே நம் நாட்டுச் சட்டம் ஏற்றிருக்கிறது. ஒரு காலத்தில் காசநோய் வந்து குணமானவர்களுக்கும், அது விட்டுச்சென்ற தழும்பு பின்னாளில் இளைப்பாக மாறுவதுண்டு.

இளைப்பு எப்படி வருகிறது?

நம்மில் பலர், இளைப்பு என்றால் காற்று உள்ளே போகாமை என்று நினைக்கிறோம். இந்நோயில் முதன்மையான தொல்லை, காற்று வெளியே வராமைதான். சுருங்கிய குழலின் வழியே பழைய காற்று வெளியேறி முடிவதற்குள் அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருக்கிறது. நடக்கும்போது மூச்சு வேகமாவதால் உள்ளே தங்கும் காற்று மேலும் மேலும் சேர்கிறது. நெஞ்சு உப்பி, உதரவிதானம் தட்டையாகி, புதுக்காற்றுக்கு இடமே இல்லாமற் போகிறது. அந்த நேரத்தில் நோயாளிக்கு ஏற்படும் அச்சத்தை அனுபவித்தவரே அறிவார்.

அந்த அச்சத்திற்குப் பயந்து அவர் நடையைக் குறைக்கிறார். நடை குறைந்தால் தொடைத் தசை கரைகிறது. வலுவிழந்த தசை சிறு வேலைக்கே அதிக மூச்சைக் கேட்கிறது. முன்பு முப்பது அடி வைத்தால் வந்த இளைப்பு, இப்போது பத்து அடியிலேயே வருகிறது. உடனே நடை இன்னும் குறைகிறது. செக்கு மாட்டைப் போன்ற இந்தச் சுற்றில் ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடச் சிறியது. கடைசியில் அது ஒரு கட்டிலின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஜலகண்டாபுரத்துப் பெரியவரின் கால்கள் குச்சியாகி வருவதன் காரணம் இதுதான். நோய் ஒரு பங்கு என்றால், திண்ணை மற்றொரு பங்கு.

ஓய்வே மருந்து என்ற எண்ணம்

நெஞ்சு நோய்க்கு ஓய்வே மருந்து என்று ஒரு காலத்தில் மருத்துவ உலகமே நம்பியிருந்தது. அந்த நம்பிக்கையை அசைத்ததில் நம் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவரின் தலைமையில், நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானட்டோரியத்தில் படுக்கையும் ஓய்வும் நல்லுணவுமாகச் சிகிச்சை பெற்றார்கள். மறு பிரிவினர் தங்கள் நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளிலேயே இருந்து அதே மருந்துகளை உட்கொண்டார்கள். 1959இல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள். அங்கே வேலை செய்தது மருந்து, படுக்கை அன்று.

காசநோய் வேறு, சி.ஓ.பி.டி. வேறு என்பது உண்மைதான். ஆனால் இந்நோயிலும் இதே திருப்பம் நிகழ்ந்தது. அமெரிக்காவில் டென்வர் நகரில் தாமஸ் பெட்டி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1960களில் இளைப்பு நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சியும் நடைப் பயிற்சியும் அளித்து, பயனை 1969இல் வெளியிட்டார்கள். அதன் பின் உலகின் பல பகுதிகளில் நடந்த 65 ஆய்வுகளைத் திரட்டி 2015இல் ஆராய்ந்தவர்கள், பயிற்சி பெற்றவர்களுக்கு இளைப்பும் சோர்வும் குறைந்து, நடக்கும் ஆற்றல் கூடுகிறது என்பதில் இனி ஐயத்துக்கு இடமில்லை என்று முடிவு கட்டினார்கள்.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் 2,386 நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரமேனும் நடந்தவர்கள் அல்லது அதற்கு ஈடாக உழைத்தவர்கள், மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும் நுரையீரல் நோயால் இறப்பதும் ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக இருந்ததென்று 2006இல் அறிவித்தார்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் நாளொன்றுக்குப் பதினேழு நிமிடங்களே! பள்ளிவாசலுக்குச் சில முறை போய்வருவதிலேயே அது நிறைந்துவிடும்.

நடையைத் தீர்மானிப்பவை எவை?

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஒருவருடைய நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை ஸ்பைரோமீட்டர் கருவியில் ஊதச்செய்து அளந்துவிடலாம். ஆனால் அந்த எண் ஒன்றை வைத்துக்கொண்டு அவர் எவ்வளவு நடப்பார் என்று சொல்லிவிட முடியாது. ஒரே அளவு அடைப்புள்ள இருவரில் ஒருவர் சந்தைக்குப் போய்வருகிறார். மற்றவர் வாசற்படி தாண்டுவதில்லை. பயிற்சியால் ஆற்றல் கூடிய பின்னும் உட்கார்ந்தே இருப்பவர்கள் உண்டு. நடக்க முடிவது ஒன்று, நடப்பது மற்றொன்று. இடையே நிற்பவை எவை என்று பார்ப்போம்.

முதலாவது, அச்சம். இளைப்பு வந்தாலே உயிர் போய்விடும் என்ற எண்ணம். நடக்கும்போது மிதமாக இளைப்பது இந்நோயில் இயல்பு. நின்றதும் சில நிமிடங்களில் அது தணிந்துவிடுமானால் அதனால் கேடில்லை. இதை நோயாளிக்கும் வீட்டாருக்கும் மருத்துவர் ஒருமுறை எடுத்துச் சொன்னாலே பாதிப் பயம் விலகிவிடும்.

இரண்டாவது, வெட்கம். தெருவில் நின்று மூச்சு வாங்குவதை நாலு பேர் பார்ப்பார்களே, இருமலும் சளியும் அருகிலிருப்பவர்களுக்கு அருவருப்பாயிருக்குமே என்ற கூச்சம். இன்ஹேலரை வெளியே எடுக்கவே தயங்குகிறவர்கள் எத்தனை பேர்! அது பழக்கமாகிவிடும் என்ற தவறான பேச்சும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. கண்ணாடி அணிவது எப்படிப் பழக்கமாகாதோ, அப்படியே இன்ஹேலரும்.

மூன்றாவது, மனச்சோர்வு. உழைத்துச் சம்பாதித்தவர் திடீரென்று பிறர் கையை எதிர்பார்க்கும்போது, எழுந்து நடந்துதான் என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிடுகிறது.

நான்காவது, நோய் முற்றி மருத்துவமனைக்குப் போய்வருவது. அந்தச் சில நாட்களில் தசை வெகுவாக இளைக்கிறது. திரும்பி வந்த பின் மீண்டும் எழுப்பி நடக்கவிடாவிட்டால், முன்பிருந்த நிலைக்குப் பலர் திரும்புவதேயில்லை. அந்தப் பெரியவருக்கு நேர்ந்தது இதுவே.

ஐந்தாவது, ஊரும் பருவமும். சேலம், நாமக்கல் சமவெளியின் சித்திரை வெயில் நலமுள்ளவரையே வாட்டும். மார்கழியின் பனிக்காற்றும், தெருவோரம் குப்பை கொளுத்தும் புகையும், லாரிகள் கிளப்பும் புழுதியும் இளைப்பைத் தூண்டும். நடைபாதையின்மை, உட்கார இடமின்மை, தெரு நாய்கள் ஆகியவையும் முதியவரை வீட்டுக்குள் தள்ளுகின்றன.

ஆறாவது, மூட்டு வலி, சர்க்கரை, இரத்தசோகை, இதய நோய் ஆகியவை. இவை உடனிருந்தால் அவற்றுக்கும் சிகிச்சை செய்யாமல் நடை கூடாது.

ஏழாவதுதான் எல்லாவற்றிலும் கவனிக்கத்தக்கது: போவதற்கு ஓர் இடமும், போவதற்கு ஒரு காரணமும். ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனாவிலும் அதையடுத்த ஊர்களிலும் நானூறுக்கு மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். நாயை நடத்திச் செல்கிறவர்களும், பேரக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களும் மற்றவர்களைவிட அதிகம் நடந்திருந்தார்கள். அங்கே பேரன் கைபிடித்து அழைத்துச் செல்கிறான். நமக்கு அல்லாஹ் அதனினும் மேலான ஒரு காரணத்தை நாளொன்றுக்கு ஐந்து முறை தந்திருக்கிறான். பாங்கொலி கேட்டதும் ஒரு முதியவர் செருப்பைத் தேடுகிறாரே, அந்த ஆர்வத்தை எந்த மருந்துக் கடையிலும் வாங்க முடியாது.

எப்படித் தொடங்குவது?

முதலில் மருத்துவரைக் கண்டு, நடக்கலாமா, இதயம் எப்படி இருக்கிறது, நடக்கும்போது ஆக்ஸிஜன் குறைகிறதா என்று கேட்டறியுங்கள். விரலில் மாட்டும் சிறு கருவியால் அதைப் பார்த்துவிடலாம். நடப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு எந்த இன்ஹேலரை உபயோகிக்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அதை உறிஞ்சும் முறையை அவர் முன்னிலையிலேயே செய்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். முறை தவறினால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும்.

முதல் வாரம் வீட்டு முற்றத்திலேயே ஐந்து நிமிடம் போதும். பேச முடிகிற வேகத்தில் நடக்க வேண்டும். ஒரு வாக்கியம் சொல்வதற்குள் மூச்சு அறுந்தால் வேகம் அதிகம் என்று பொருள். இளைத்தால் நின்று, சுவரிலோ கைத்தடியிலோ கையூன்றிச் சற்று முன்சாய்ந்து, மூக்கால் மூச்சை இழுத்து, சூடான தேநீரை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக வெளிவிட வேண்டும். இழுக்கும் நேரத்தைப் போல் இரு மடங்கு நேரம் விட வேண்டும். உள்ளே தேங்கிய காற்று வெளியேற இதுவே எளிய வழி. மூச்சு தணிந்ததும் மீண்டும் நடக்கலாம். நின்று நின்று நடப்பதும் நடைதான். அதில் குறைவு ஒன்றுமில்லை.

நாளுக்கு இரண்டு வேளை, நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்காரச் செய்யுங்கள். தொடைக்கு வலு ஏறும். வாரத்துக்கு ஓரிரு நிமிடங்களாக நடையைக் கூட்டுங்கள். வீட்டிலுள்ள ஒருவர் உடன் நடப்பது பெரிதும் உதவும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வர இடமுண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

பிறகு பள்ளிவாசல். ஐந்து வேளையையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ள வேண்டாம். கோடையில் மஃரிபும் இஷாவும், பனிக்காலத்தில் வெயில் ஏறிய பின் வரும் லுஹரும் ஏற்றவை. முதலில் ஒரு வேளை. உடல் பழகிய பின் இரண்டு.

நெஞ்சு வலி, உதடு நீலமாதல், கால் வீக்கம், சளியில் இரத்தம், காய்ச்சலுடன் சளி நிறம் மாறுதல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுதல், குழப்பம் அல்லது அளவுமீறிய தூக்கம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் நடையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மார்க்கம் தரும் எளிமை

தொழுகையில் குனியும்போதும் சுஜூதிலும் இத்தகையோருக்கு இளைப்பு கூடும்; வயிறு மேலெழுந்து உதரவிதானத்தை அழுத்துவதே காரணம். மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் கேட்டபோது, நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. எனவே நாற்காலியில் அமர்ந்து தொழ வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் தொழுகையில் கிடைத்த இந்தச் சலுகையை, நாள் முழுதும் உட்கார்ந்திருப்பதற்கான கட்டளையாக நாம் மாற்றிவிடலாகாது.

ரமளானில் இன்ஹேலர் நோன்பை முறிக்குமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர் ஆலிமிடமும் மருத்துவரிடமும் முன்கூட்டியே கேளுங்கள். தாமாக மருந்தை நிறுத்துவது ஆபத்து. நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்தவன் அல்லாஹ்வே.

ஜமாஅத்தாரிடம் ஒரு வேண்டுகோள்

பள்ளிவாசலில் நான்கு நாற்காலிகளும், உட்கார்ந்து ஒளூச் செய்ய வசதியும், படிக்கட்டின் ஓரத்தில் ஒரு கைப்பிடியும் அமையுங்கள். ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை இவர்களுக்கு நஞ்சு, குறைத்துக்கொள்ளுங்கள். விரிப்புகளை உள்ளேயே உதறாமல் வெளியில் எடுத்து உதறுங்கள். வழியிலுள்ள வீட்டார், முதியவர் நின்று மூச்சு வாங்குவதைக் கண்டால் பரபரக்க வேண்டாம். திண்ணையைக் காட்டி ஸலாம் சொன்னால் போதும். வரிசையில் வழக்கமாக நின்ற ஒருவரைச் சில வாரமாகக் காணவில்லையென்றால், அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள்.

ஜலகண்டாபுரத்துச் சகோதரிக்கு நம் பதில் இதுதான். உங்கள் அண்ணனைக் கடிந்துகொள்ளாதீர்கள். தந்தை மீதுள்ள பாசம்தான் அவரை அப்படிச் செய்ய வைத்தது. பாசத்துக்குப் பாதையைக் காட்டினால் போதும். இருவருமாக அத்தாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் அனுமதி கொடுத்ததும், உள்ளே வைத்த செருப்பை அண்ணனே தம் கையால் எடுத்துவந்து அத்தாவின் காலடியில் வைக்கட்டும். மூன்று தெருவில் எங்கெங்கே உட்காரலாம் என்று முதலில் அவர் நடந்து பார்த்து வரட்டும். பிறகு மஃரிபுக்கு இருபது நிமிடம் முன்னதாகவே தந்தையும் மகனுமாகப் புறப்படட்டும்.

முதல் நாள் ஒரு தெரு முனையோடு திரும்பி வந்தாலும் கவலையில்லை. அடுத்த நாளும் பாங்கு ஒலிக்கும்.

வல்ல அல்லாஹ் அந்தப் பெரியவருக்கும், மூச்சுக்குத் தவிக்கும் அனைவருக்கும் பூரண நலத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.